சிறிய கைத்துப்பாக்கியில் குறி எங்கே தவறுகிறது: சுடுதளத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டிலிருந்து மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஒரு சிறு கூட்டம் காலையில் ரொட்டி சானாயும் தேநீருமாகப் பசியாறிவிட்டுச் சுடுதளத்துக்குக் கிளம்புவது வழக்கம். செம்பனைத் தோட்டக் காவலுக்காகத் துணைப் போலீஸில் சேர்ந்த இளைஞர்கள் அதில் பாதிப் பேர். தற்காப்புக்கென உரிமம் பெற்ற நகைக்கடைக்காரர், அடகுக்கடைக்காரர் என்று நான்கைந்து பேர் இருப்பார்கள். மற்றவர்கள் விளையாட்டாகக் கற்க வருபவர்கள். தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்ற நான், புதியவர்களுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் இடுப்பில் அணிந்து மேலே சட்டையை விட்டால் தெரியாத அளவுக்குச் சிறிய கைத்துப்பாக்கி. முதல் பத்துத் தோட்டாக்கள் தீர்ந்ததும் அவர்கள் சொல்வதும் பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: "அண்ணே, சைட் சரியில்லை."

சைட், அதாவது துப்பாக்கியின் மேலுள்ள குறிபார்க்கும் அமைப்பு, அநேகமாகச் சரியாகவே இருக்கும். அப்படியானால் குண்டு ஏன் வேறிடத்தில் விழுகிறது என்பதையும், சைட்டில் கை வைப்பதற்கு முன் எந்த வரிசையில் எதைச் சோதிக்க வேண்டும் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

தொடங்குமுன்

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படி உரிமமில்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது குற்றம். காற்றுத் துப்பாக்கியும் அந்தச் சட்டத்தின் பார்வையில் ஆயுதமே. அசலைப் போலச் செய்த போலித் துப்பாக்கிக்கும் அதில் தடை உண்டு. ஆகவே இணையத்தில் பொம்மை என்று விற்பதை வாங்கி வீட்டில் பழகலாம் என்று நினைக்கும் தம்பிகள் அந்த நினைப்பை இப்போதே விட்டுவிட வேண்டும். உரிமம், தோட்டாவின் அளவு, துப்பாக்கியில் செய்யும் மாற்றம் ஆகிய எதுவானாலும் மாவட்டக் காவல் நிலையத்தின் உரிமப் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அடுத்த அடி வைக்க வேண்டும். எங்கள் ஊருக்குத் துப்பாக்கியோடு ஒரு கசப்பான வரலாறும் உண்டு. 1948 ஜூன் 16 அன்று இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஆங்கிலேய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதையடுத்தே அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. அது 1960 ஜூலை 31 வரை நீடித்தது. அந்தக் காலத்தை லயம் எனப்படும் தோட்டக் குடியிருப்பில் வாழ்ந்து கடந்த பெரியவர்கள் துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டாலே முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். நாம் அதை எடுத்துச் செல்லும்போதும் பேசும்போதும் அடக்கம் காட்டுவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

பாதுகாப்பு விதிகளை உங்கள் பயிற்றுநர் ஒப்பிக்கச் சொல்வார். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா உள்ளதாகவே கருதுங்கள். குழல்வாய் எப்போதும் இலக்கின் பக்கமே இருக்கட்டும். சுட முடிவெடுக்கும் வரை விரல் விசைக்கு (டிரிகருக்கு) வெளியே இருக்கட்டும். இலக்கையும் அதற்குப் பின்னால் உள்ளதையும் அறிந்தே சுடுங்கள். 9 மில்லிமீட்டர் தோட்டா வெடிக்கும் ஓசை 160 டெசிபலை எட்டக்கூடியது என்பதால் காதுக் கவசமில்லாமல் ஒரு முறை சுட்டாலும் கேடுதான். கண்ணாடி அணியுங்கள். சுட்டு முடித்த பின் ஈயத் துகள் போகக் கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் பலகாரப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள்.

எந்தக் கண், எவ்வளவு தூரம்

இரண்டு கண்களில் ஒன்று மற்றதைவிட மேலோங்கி நிற்கும். இரு கைகளையும் நீட்டி, கட்டைவிரல்களுக்கு இடையே ஒரு சிறு இடைவெளி அமைத்து, அதன் வழியே தூரத்துப் பொருளொன்றை இரு கண்களாலும் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் இடைவெளிக்குள்ளேயே நிற்கிறதோ அதுவே உங்கள் ஆதிக்கக் கண். வலக்கைக்காரருக்கு இடக்கண் மேலோங்கியிருந்தால் அது குறையாகாது. துப்பாக்கியைச் சற்று இடப்புறமாகக் கொண்டுவந்து அந்தக் கண்ணுக்கு நேராக வைத்தால் போதும்.

நாற்பதைக் கடந்தவர்களுக்கு ஒரு சொல். வெள்ளெழுத்து வந்தவருக்குத் துப்பாக்கியின் முன்முனையிலுள்ள முன்குறி மங்கலாகத்தான் தெரியும். நாளிதழ் படிக்கும் கண்ணாடி ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் தூரத்துக்கு அளந்தது. நீட்டிய கையின் முனையில் இருக்கும் முன்குறியோ 60, 70 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கிறது. இந்தத் தூரத்தை அளந்து சொல்லிக் கண்ணாடி செய்துகொண்ட ஓர் அடகுக்கடைக்காரர், அதுவரை துப்பாக்கியைக் குறைகூறி வந்ததை அன்றோடு நிறுத்திவிட்டார்.

குறிகளின் இடைவெளி

துப்பாக்கியின் மேல்பகுதியாக முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடின் முன்முனையில் நிற்கும் சிறு தூண் முன்குறி. பின்முனையில் நடுவே பிளவுள்ள சிறு சுவர் பின்குறி. பிளவின் நடுவில் தூண் நிற்க வேண்டும். தூணின் இரு பக்கமும் சமமாக வெளிச்சம் தெரிய வேண்டும். தூணின் தலையும் சுவரின் தலையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இந்த ஒழுங்கு குலையும்போது என்ன நடக்கிறது என்பதைச் செம்பனைக் குலை வெட்டுபவரைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். நீண்ட அலுமினியக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி உயரத்திலுள்ள குலையை அறுக்கும் தொழிலாளி, கம்பைப் பிடிக்கும் இரு கைகளையும் நன்றாக விலக்கி வைத்துக்கொள்வார். இரு கைகளையும் ஒட்டிவைத்துப் பிடித்தால் கீழே ஒரு விரற்கடை அசைந்தாலும் மேலே அரிவாள் ஒரு முழம் விலகிவிடும். துப்பாக்கியின் முன்குறியும் பின்குறியும் அந்த இரு கைகளைப் போன்றவை. அவை நெருங்க நெருங்கச் சிறு பிழை பெரிதாகும்.

கணக்கு எளிது. குறிகள் ஒன்றுக்கொன்று விலகிய அளவை இலக்கின் தூரத்தால் பெருக்கி, இரு குறிகளின் இடைவெளியால் வகுத்தால் குண்டு விலகும் தூரம் கிடைக்கும். கிளாக் நிறுவனத்தின் முழு அளவுள்ள கைத்துப்பாக்கியான கிளாக் 17இல் அந்த இடைவெளி 165 மில்லிமீட்டர். அதன் சிறிய வடிவமான கிளாக் 19இல் 153. இன்னும் மெலிந்த கிளாக் 43இல் 132. முன்குறி அரை மில்லிமீட்டர் ஒதுங்கியிருக்கும்போது சுட்டால், 10 மீட்டர் தூரத்தில் குண்டு முறையே 30, 33, 38 மில்லிமீட்டர் தள்ளி விழும். போட்டிக்கான காற்றுக் கைத்துப்பாக்கியில் குறிகளின் இடைவெளி 30 சென்டிமீட்டருக்கும் மேல் என்பதால் அதே பிழைக்கு விலகல் 17 மில்லிமீட்டருக்கும் குறைவு.

இந்த எண்களை நான் விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. சிறிய துப்பாக்கி என்பதாலேயே குறி தவறுகிறது என்று சொல்பவர்கள், முழு அளவுக்கும் சிறிய அளவுக்கும் இடையே 10 மீட்டரில் உள்ள வேறுபாடு 3 மில்லிமீட்டர்தான் என்பதைக் கவனிப்பதில்லை. அவர்களுடைய குண்டுகளோ 15 சென்டிமீட்டர் தள்ளி விழுகின்றன. அவ்வளவு பெரிய பிழை குறிகளின் இடைவெளியிலிருந்து வந்திருக்க முடியாது. குழல் குட்டையாவதால் குண்டின் வேகம் குறையும். அதனாலேயே குறியின் துல்லியம் கெட்டுவிடுவதில்லை.

முன்குறியைப் பாருங்கள்

இலக்கு, முன்குறி, பின்குறி ஆகிய மூன்றும் மூன்று தூரங்களில் இருக்கின்றன. கண்ணால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே தெளிவாகக் காண முடியும். புதியவர் இயல்பாக இலக்கையே உற்றுப் பார்ப்பார். அப்போது முன்குறி மங்கி, அது பிளவின் நடுவில் இருக்கிறதா ஒதுங்கியிருக்கிறதா என்பது தெரியாமல் போகும். ரப்பர் மரத்தில் பால்வெட்டுப் பழகியபோது எங்கள் தாய்மார் கேட்ட திட்டு எனக்கு நினைவுக்கு வருகிறது. மங்கில், அதாவது பால் வடியும் கோப்பையில், பால் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே கத்தியை இழுத்தால் மரத்தில் காயம் விழும். கத்தி முனையில் கண் இருந்தால் பால் தானாக மங்குக்கு வரும். அதுபோல முன்குறியின் மேல் விளிம்பு கூர்மையாகத் தெரியட்டும்; இலக்குத் தாளின் கறுப்பு வட்டம் புகை படிந்ததுபோல மங்கலாக இருக்கட்டும்.

கை நடுங்குகிறதே என்று கவலைப்பட வேண்டாம். குறிகள் ஒழுங்காக நிற்க, துப்பாக்கி முழுவதும் ஒரு சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் குண்டும் ஒரு சென்டிமீட்டர்தான் நகரும். முன்குறி மட்டும் பிளவுக்குள் அரை மில்லிமீட்டர் சாய்ந்தால் அதைவிட மூன்று மடங்கு தள்ளிப்போகும். ஒலிம்பிக் வீரரின் கையும் நடுங்கத்தான் செய்கிறது. ஆகவே இலக்கின் நடுப்பகுதியில் குறி மெல்ல மிதக்கட்டும். அது அசையாமல் நிற்கும் நொடிக்குக் காத்திருந்து அந்த நொடியில் விசையைப் பறிக்காதீர்கள்.

இதைப் பழக நான் சொல்லும் முதல் பயிற்சி, இலக்குத் தாளைத் திருப்பி வெள்ளைப் பக்கம் தெரியுமாறு மாட்டுவது. பார்ப்பதற்கு இலக்கே இல்லாதபோது கண் முன்குறியில் நிற்கும். 5 மீட்டர் தூரத்தில் அந்த வெற்றுத் தாளில் ஐந்து தோட்டாக்கள் சுட்டவர்கள், அவை முன்பு கறுப்பு வட்டத்தைப் பார்த்துச் சுட்டதைவிட நெருக்கமாக விழுந்திருப்பதைக் கண்டு வியப்பார்கள்.

விசையில்தான் எல்லாம்

தோட்டா நிரப்பிய கிளாக் 19இன் எடை ஏறத்தாழ 850 கிராம். அதன் விசையை இழுக்கத் தேவைப்படுவது ஏறத்தாழ இரண்டரைக் கிலோ அழுத்தம். பொருளின் எடையைப் போல மூன்று மடங்கு அழுத்தத்தை அதன் மேல் செலுத்திக்கொண்டே அதை அசையாமல் வைத்திருக்கச் சொல்கிறோம் என்று பொருள். பன்னாட்டு விதிகளின்படி 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கியின் விசைக்குக் குறைந்தபட்ச அளவு 500 கிராம்தான். விசை கனமாகவும் துப்பாக்கி இலேசாகவும் பிடி குட்டையாகவும் இருப்பதே சிறிய கைத்துப்பாக்கியின் உண்மையான சிக்கல். சுண்டுவிரலுக்கு இடமில்லாமல் போகும்போது மற்ற விரல்கள் பிடியைப் பிசைய ஆரம்பிக்கின்றன.

பிடிக்கும் முறை இது. வலக்கையின் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட வளைவு, பிடியின் பின்புறத்தில் எவ்வளவு மேலே ஏற முடியுமோ அவ்வளவு மேலே ஏறட்டும். ஆனால் ஸ்லைடு பின்னோக்கி வரும் வழியில் தோல் சிக்கக் கூடாது. மிச்சமிருக்கும் இடத்தை இடது உள்ளங்கை நிரப்பட்டும். இரு கட்டைவிரல்களும் இலக்கை நோக்கி நீளட்டும். அழுத்தத்தில் பெரும்பகுதியை இடக்கை ஏற்றுக்கொண்டால் வலக்கையின் சுட்டுவிரல் தனித்து இயங்கும். மாறாக ஐந்து விரல்களும் சேர்ந்து இறுகினால் குழல்வாய் கீழே இறங்கி இடப்பக்கம் ஒதுங்கும். விரலின் முதல் கணுவுக்கு முந்தைய சதைப்பகுதி விசையில் படட்டும். தளர்வாக உள்ள முதல் பகுதியை எடுத்துவிட்டு, அழுத்தத்தைச் சீராகக் கூட்டிக்கொண்டே போங்கள். வெடிக்கும் கணம் உங்களுக்கே சற்று எதிர்பாராததாக இருக்க வேண்டும். வெடித்த பின் விசையை ஒரு நொடி பின்னால் பிடித்தபடியே இருந்து, முன்குறி மறுபடி எங்கே வந்து அமர்கிறது என்று பாருங்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். தொடக்கத்தில் என் குண்டுகள் எல்லாம் இடப்பக்கம் தாழ்வாகவே விழுந்தன. பின்குறியை வலப்பக்கம் தள்ளச் சொன்னேன். மறு வாரம் இன்னும் கொஞ்சம். மூன்றாவது முறை பின்குறி பள்ளத்திலிருந்து வெளியே எட்டிப் பார்க்கத் தொடங்கியது. அப்போது பயிற்றுநர் தோட்டா நிரப்பும் என் மேகசினை வாங்கி, எனக்குத் தெரியாத வரிசையில் உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே வெடிக்காத இரண்டு வெற்றுத் தோட்டாக்களைச் சேர்த்துக் கொடுத்தார். மூன்றாவதாக விசையை இழுத்தபோது வெடி இல்லை. துப்பாக்கியின் மூக்கு மட்டும் நான்கு விரற்கடை கீழே குத்தியது. அடுத்த வரிசையில் நின்றவரும் அதைப் பார்த்துவிட்டார். அதிர்வை எதிர்பார்த்து நானே குழல்வாயைக் கீழே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன். பின்குறியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும் கூலியையும் நான்தான் கொடுத்தேன்.

இந்தப் பயிற்சியை ஒவ்வொரு முறையும் செய்யுங்கள். அத்தோடு சுடுதளத்தில் பயிற்றுநரின் அனுமதியுடன், துப்பாக்கி காலியாக இருப்பதை இருவர் பார்த்து உறுதிசெய்த பின், தோட்டா இல்லாமலே இருபது முறை விசையை இழுத்துப் பழகுங்கள். ஸ்லைடின் முன்முனையில் வைத்த காலித் தோட்டா உறை விழாமலிருக்க வேண்டும். தோட்டாவின் எண்ணிக்கைக்கு உரிமத்தில் வரம்பிருக்கும் நம் நாட்டில் இதைவிட மலிவான, பயனுள்ள பயிற்சி கிடையாது. இதை வீட்டில் செய்யாதீர்கள். பலகைச் சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் குழந்தை படுத்திருக்கும்.

கொத்தைப் படியுங்கள்

ஒரு குண்டு எதையும் சொல்லாது. ஐந்து குண்டுகளை ஒரே இடத்தைக் குறிவைத்துச் சுட்டு, அவை எப்படிக் கொத்தாக விழுந்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். சிதறிக் கிடந்தால் குறை சுடுபவரிடம் இருக்கிறது. அந்த நிலையில் சைட்டைத் திருத்துவதில் பொருளே இல்லை. வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் தாழ்ந்து நீண்டு கிடந்தால் நான் பட்ட பாடுதான். இடக்கைக்காரருக்கு அது வலப்பக்கமாகும். மேலும் கீழுமாகக் கோடுபோல நீண்டிருந்தால் முன்குறியின் தலைமட்டம் மாறுகிறது, அல்லது மூச்சை அடக்காமல் சுடுகிறார். இறுக்கமான கொத்து, ஆனால் நடுவிலிருந்து விலகியிருக்கிறது என்றால், அதுவும் இரண்டு மூன்று நாள் ஒரே இடத்தில் விழுகிறது என்றால், வேறொருவர் சுட்டாலும் அங்கேயே போகிறது என்றால், அப்போதுதான் சைட்டைச் சந்தேகிக்கலாம். 7 மீட்டரில் ஐந்தும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கும் வரை 10 மீட்டருக்குப் போக வேண்டாம் என்பது என் கட்சி. 25 மீட்டர் துல்லியப் போட்டித் தாளில் பத்தாம் வளையத்தின் விட்டம் 50 மில்லிமீட்டர்தான். அங்கே கிளாக் 19இல் அரை மில்லிமீட்டர் குறிப்பிழை செய்தாலே குண்டு 8 சென்டிமீட்டருக்கு மேல் ஒதுங்கி ஏழாம் வளையத்துக்குப் போய்விடும்.

சைட்டைத் திருத்துவது

பின்குறியைக் குண்டு போக வேண்டிய பக்கமே நகர்த்த வேண்டும். முன்குறியை அதற்கு எதிர்ப்பக்கம் நகர்த்த வேண்டும். குண்டு தாழ்ந்தால் பின்குறி உயர வேண்டும், அல்லது முன்குறி குட்டையாக வேண்டும். எவ்வளவு என்பதற்கு முன்பு சொன்ன கணக்கைத் திருப்பிப் போடுங்கள். கிளாக் 19இல் 10 மீட்டரில் கொத்து 26 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கிறது என்றால், 26ஐ 153ஆல் பெருக்கி 10,000ஆல் வகுக்க 0.4 மில்லிமீட்டர் வரும். கிளாக்கின் பின்குறி 6.1, 6.5, 6.9, 7.3 மில்லிமீட்டர் என்ற அளவுகளில் கிடைக்கிறது. வழக்கமாக வருவது 6.5. ஆகவே 6.9 போட்டால் கணக்குச் சரியாகும். இவ்வகைக் குறி ஸ்லைடின் குறுக்கே வெட்டிய பள்ளத்தில் இறுகச் செருகப்பட்டிருக்கும். சுத்தியலும் ஆணியும் எடுத்துத் தட்டாதீர்கள். உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் அதற்கான தள்ளுகருவி வைத்து நகர்த்துவார்கள்.

குறிகளில் வகைகள் உண்டு. மூன்று வெண்புள்ளிகள் உள்ளவை விரைவாகக் கண்ணில் படும். ஆனால் புள்ளிகளை வரிசைப்படுத்தும் மும்முரத்தில் தலைமட்டத்தை மறந்துவிடுவோம். வெயிலில் ஒளிரும் ஒளியிழைக் குறி திறந்த வெளிக்கு நல்லது. இருளில் ஒளிரும் டிரிட்டியக் குறியின் அரைவாழ்வு, அதாவது ஒளி பாதியாகக் குறையும் காலம், 12.3 ஆண்டு என்பதால், பழையதாக வாங்கும்போது செய்த ஆண்டைக் கேளுங்கள். தாளில் துல்லியமாகச் சுடுவதற்கு என் கண்ணுக்குப் பிடித்தது, பளபளப்பில்லாத வெறும் கறுப்புக் குறி. அந்தக் காலத்துச் சுடுவீரர்கள் கற்பூரத்தைக் கொளுத்தி அதன் கரியை இரும்புக் குறியில் படிய வைப்பார்கள். சாமி அறைக் கற்பூரத்துக்கு இப்படியும் ஒரு பயன். இன்றைய பிளாஸ்டிக் குறி சூட்டில் இளகும் என்பதால் மங்கிய கறுப்பு மார்க்கர் பேனா போதும்.

ஸ்லைடின் மேல் பொருத்தும் சிவப்புப் புள்ளிக் குறி இப்போது எல்லாருக்கும் ஆசை. வெள்ளெழுத்துக்காரர்களுக்கு அது வரம். கண் இலக்கிலேயே இருக்கலாம், முன்னும் பின்னும் ஒழுங்குபடுத்தும் வேலை இல்லை. புள்ளியின் அளவை எம்.ஓ.ஏ. என்ற கோண அலகில் சொல்வார்கள்; 3 எம்.ஓ.ஏ. புள்ளி 25 மீட்டரில் ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் அகலத்தை மறைக்கும், 6 எம்.ஓ.ஏ. அதில் இரு மடங்கு. புள்ளி வால் முளைத்ததுபோலச் சிதறித் தெரிந்தால் பெரும்பாலும் குறை கருவியில் இல்லை. கண்ணில் சிதறல் பார்வை இருக்கலாம், பரிசோதித்துக்கொள்ளுங்கள். குளிர்சாதன அறையிலிருந்து நம் ஊர்ப் புழுக்கத்துக்கு எடுத்து வந்தவுடன் கண்ணாடியில் ஆவி படியும்; பத்து நிமிடம் பொறுத்துச் சுடுங்கள். விசையைப் பறிப்பவருக்கு இந்தப் புள்ளி உதவாது. அவர் பறிக்கும்போது அது எங்கே துள்ளி ஓடுகிறது என்பதை மட்டும் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும். அந்த ஒரு காரணத்துக்காகவே சில மாணவர்களுக்கு என்னுடையதைக் கொடுத்துப் பத்துத் தோட்டா சுட வைப்பதுண்டு.

ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, தூரம், தோட்டாவின் வகையும் குண்டின் எடையும், கொத்தின் அகலம், அது நடுவிலிருந்து எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளியிருந்தது என்பவற்றை ஒவ்வொரு முறையும் குறியுங்கள். வெவ்வேறு எடையுள்ள குண்டு வெவ்வேறு உயரத்தில் விழும் என்பதால் தோட்டா மாறிய நாளைத் தனியாகக் கோடிட்டுக் காட்டுங்கள். கிளம்புமுன் மிஞ்சிய தோட்டாக்களை எண்ணி, கொண்டுவந்ததும் சுட்டதும் மிஞ்சியதும் கணக்கில் ஒத்துப்போகின்றனவா என்று அதே பக்கத்தின் அடியில் எழுதிக் கையொப்பமிட்டுவிட்டு வண்டியில் ஏறுங்கள்.